முதலில் ரம்பம், பிறகு விதை: காட்டு நிலத்தில் மான் தங்க என்ன செய்யலாம்?

டெட்ராய்ட் பக்கம் வேலை பார்க்கும் நம்மவர்களில் எனக்குத் தெரிந்தே சிலர் மிச்சிகனின் வட பகுதியில் பத்து ஏக்கர், இருபது ஏக்கர் என்று காட்டு நிலம் வாங்கியிருக்கிறார்கள். பத்திரம் பதிந்த கையோடு அவர்கள் கேட்பது ஒன்றுதான்: “மான் வர என்ன விதைக்கலாம்?” பதிலுக்குக்கூடக் காத்திராமல் பண்ணைப் பொருள் கடைக்குப் போய், பெரிய கொம்போடு ஒரு மான் முறைத்துப் பார்க்கும் படம் போட்ட விதைப் பையைத் தூக்கி வந்துவிடுகிறார்கள். அந்தப் பையை இப்போதைக்குக் கொட்டகையில் போட்டுவையுங்கள். காட்டு நிலத்தில் விதைப்பு ஏறக்குறைய கடைசி வேலை. தீவனம் மானை வரவழைக்கும்; மறைவும் அமைதியும்தான் அதைத் தங்க வைக்கும். இரண்டாவதுதான் கடினம். அதைப் பையில் போட்டு விற்பவர் எவரும் இல்லை.

இங்கே “ஃபுட் பிளாட்” என்று சொல்வதைத் தீவனத் திட்டு என்றே எழுதுகிறேன். கிளேர், கிளாட்வின், ஆசியோலா கவுண்டிகளை மனத்தில் வைத்துத்தான் எழுதுகிறேன்: மணற்பாங்கான மண், புளிப்பு அதிகம், நீண்ட குளிர்காலம். விஸ்கான்சின், நியூயார்க் நிலங்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும். தேதிகளையும் சட்டத்தையும் மட்டும் உங்கள் மாநிலத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். ஊரில் மலைப்பக்கம் தோட்டம் வைத்திருப்பவர்கள் இதைப் பார்த்துவிட்டு அங்கே எதையும் தொடங்க வேண்டாம். அங்குள்ள புள்ளிமானும் கடமானும் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருபவை, நிலைமையே வேறு.

எவ்வளவு எதிர்பார்க்கலாம்?

வெள்ளைவால் மான் ஒன்று சுற்றி வரும் பரப்பு, இடத்துக்கு இடம் கூடக் குறைய இருந்தாலும், தோராயமாக ஒரு சதுர மைல். அதாவது 640 ஏக்கர். உங்களுடையது இருபது ஏக்கர் என்றால் அதன் நடமாட்டத்தில் 32இல் ஒரு பங்குதான் உங்கள் கையில் இருக்கிறது. எனவே “என் மான்” என்று எதுவும் கிடையாது. அது பக்கத்து நிலத்துச் சோளக்காட்டிலும் மேயும், அரசு வனத்திலும் படுக்கும், சாலையையும் கடக்கும். உங்களால் முடிந்தது, அந்தச் சுற்றில் பகலில் படுத்திருக்கவும் அந்தி நேரத்தில் முதல் வாய் மேயவும் உங்கள் நிலம் தோதாக இருக்கும்படி செய்வது. அது முடிந்தாலே பெரிய வெற்றி.

இன்னொன்றையும் தெளிவாக்கிவிட வேண்டும். மான் அசைபோடும் விலங்குதான், ஆனால் மாடு போல மேயாது. புல்லை அது அதிகம் மதிப்பதில்லை. நுனிக்கொழுந்து, இளங்குச்சி, அகன்ற இலைச் செடிகள், ஓக் கொட்டை, காட்டு ஆப்பிள் என்று பொறுக்கிப் பொறுக்கித் தின்னும். குளிர்காலத்தில் பெரும்பாலும் மரக்குச்சிகளின் நுனிகள்தான் உணவு. அதன் இரைப்பையில் உள்ள நுண்ணுயிர்கள் பருவத்துக்கு ஏற்ப மெல்ல மாறுகின்றன. ஜனவரிப் பனியில் இரக்கப்பட்டு ஒரு மூட்டை மக்காச்சோளத்தைக் கொட்டினால், அந்த நுண்ணுயிர்களால் ஈடுகொடுக்க முடியாமல் வயிற்றில் அமிலம் ஏறி, வயிறு நிறைந்த மானே செத்துப்போவதுண்டு. மண்ணில் வேரூன்றி நிற்கும் பயிரில் இந்த ஆபத்து மிகக் குறைவு. மான் அதைப் பழகிப் பழகித்தான் தின்னும்.

சட்டம்

மிச்சிகன் கீழ்த் தீபகற்பத்தில் (மேலே சொன்ன கவுண்டிகள் இருக்கும் பகுதி) மானுக்கு இரை போடுவதும் தீவனம் கொட்டுவதும் 2019 ஜனவரி 31 முதல் தடை செய்யப்பட்டன. காரணம் நோய். மானின் மூளையைச் சிதைக்கும் சிடபிள்யூடி என்ற நோய் இம்மாநிலத்தின் காட்டு மான்களிடம் முதன்முதலாக 2015இல், தலைநகர் லான்சிங்கை ஒட்டிய பகுதியில் கண்டறியப்பட்டது. நோயுள்ள மானின் உமிழ்நீர், சிறுநீர் வழியே வெளியேறும் கிருமிப் புரதம் மண்ணில் ஆண்டுக்கணக்கில் அழியாமல் கிடக்கும். ஒரே குவியலில் பத்து மான்கள் மூக்கை நுழைத்தால் பரவுவது எளிது. வடகிழக்கில் அல்பீனா பக்கம் மான்களிடம் மாட்டுக் காசநோயும் 1990களிலிருந்து இருந்துவருகிறது.

மண்ணில் வளர்ந்து நிற்கும் தீவனத் திட்டு இந்தத் தடைக்குள் வராது. அந்தத் திட்டிலேயே ஒரு வாளி சோளத்தைக் கொட்டினால் வந்துவிடும். உப்புக்கட்டியும் தாதுக்கட்டியும் அப்படியே. கடையில் கிடைக்கிறது என்பதற்காக வைக்கலாம் என்று பொருளில்லை. விதிகள் மாறக்கூடியவை என்பதால் இயற்கை வளத் துறை வெளியிடும் வேட்டை விதிக் கையேட்டை ஒவ்வோர் ஆண்டும் புரட்டிப் பாருங்கள். நிலத்தில் சதுப்பு இருந்தால், அதில் மண்ணைக் கிளறவோ கொட்டவோ அனுமதி தேவைப்படலாம். காட்டு நிலத்துக்கான வரிச்சலுகைத் திட்டத்தில் உங்கள் நிலம் சேர்ந்திருந்தால் மரத்தை வெட்டித் திறந்தவெளியாக்கும் முன் அதன் நிபந்தனைகளையும் படித்துவிடுங்கள்.

நிலத்தை நடந்து பார்ப்பது

இதற்குச் சிறந்த காலம் மார்ச் கடைசி. பனி உருகியிருக்கும், இலை துளிர்த்திருக்காது, மான் நடந்த தடம் சாம்பல் நிற இலைக்குப்பையில் கோடு கிழித்தது போலத் தெரியும். ஒரு வரைபடத்தை அச்செடுத்துப் பென்சிலோடு போங்கள். மூன்றைக் குறியுங்கள். முதலாவது, தடங்கள். இரண்டாவது, படுக்கைகள்: இலைக்குப்பை அழுந்தி நீள்வட்டமாகக் கிடக்கும், பெரும்பாலும் மேட்டின் விளிம்பிலோ சாய்ந்த மரத்தின் ஓரத்திலோ சதுப்புக்கு நடுவே உள்ள திடலிலோ இருக்கும். மூன்றாவது, கடித்த குச்சிகள்.

குச்சியை உட்கார்ந்து பார்க்க வேண்டும். மானுக்கு மேல்தாடையில் முன்பற்கள் இல்லை. அதனால் அது குச்சியைக் கடித்து இழுத்துத்தான் பிய்க்கிறது. முனை நார் நாராகச் சிலும்பி நிற்கும். முயல் கடித்த குச்சி கத்தியால் சாய்வாகச் சீவியது போலச் சுத்தமாக இருக்கும். சிவப்பு மேப்பிள் கொழுந்துகள் கடிபட்டிருந்து, பீச் கன்றுகள் தொடப்படாமல் இருந்தால் சரி, மான் விருப்பத்துக்குத் தேர்ந்தெடுத்துத் தின்கிறது. பீச்சையும் விட்டுவைக்கவில்லை, தரையிலிருந்து நான்கைந்து அடி உயரம் வரை காடே மொட்டையாக இருக்கிறது என்றால் அங்கே மான்கள் ஏற்கெனவே அளவுக்கு மீறி இருக்கின்றன. அப்படிப்பட்ட இடத்தில் தீவனத் திட்டு போடுவது பற்றி ஒருமுறைக்கு இருமுறை யோசியுங்கள்.

திட்டுக்கான இடம் இந்த வரைபடத்திலிருந்துதான் கிடைக்கும். படுக்கைக்கு மிக அருகே வேண்டாம். நீங்கள் போகும்போதெல்லாம் மான் எழுந்து ஓடினால் பத்து நாளில் படுக்கையை மாற்றிவிடும். சாலையோரம் வேண்டவே வேண்டாம்: மிச்சிகனில் ஆண்டுதோறும் 50,000க்கும் மேற்பட்ட வாகனங்கள் மான் மீது மோதுகின்றன. பழைய மரவண்டிப் பாதை, முன்பு மரம் வெட்டியவர்கள் தடிகளை அடுக்கி வைத்த வெளி, காட்டுக்குள் தானாக அமைந்த இடைவெளி ஆகியவை முதல் திட்டுக்கு நல்ல இடங்கள். கால் ஏக்கர் போதும்; நம் கணக்கில் 25 சென்ட். நீளவாக்கில், சற்று வளைந்து இருந்தால் மானுக்குப் பயம் குறையும். ஒரு முனையிலிருந்து மறுமுனை தெரியாத இடத்தில் அது பகலிலும் தலைகாட்டும்.

வெயிலை ஜூன் மாதத்தில் பார்த்து ஏமாறுவது இங்கே வழக்கம். இந்த அட்சரேகையில் 60 அடி மரத்தின் உச்சிவேளை நிழல் ஜூனில் இருபது அடிக்குச் சற்று மேல்தான் விழும். செப்டம்பர் கடைசியில் அதே மரம் கிட்டத்தட்ட 60 அடி நிழல் போடும். உங்கள் இலையுதிர்காலப் பயிருக்கு வெயில் தேவைப்படுவது அப்போதுதான். கோடை நேரக் கணக்கில் சூரியன் உச்சிக்கு வருவது கடிகாரத்தில் பிற்பகல் ஒன்றரை மணியைத் தாண்டித்தான் என்பதையும் நினைவில் வையுங்கள். நாளுக்கு நான்கு மணி நேரமாவது நேர் வெயில் படாத இடத்தில் எந்த விதையும் எடுபடாது.

காற்றையும் கவனியுங்கள். மேற்கு, தென்மேற்குக் காற்றுதான் இங்கே அதிகம். நீங்கள் நடந்து வரும் பாதையும் உட்காரும் இடமும் திட்டுக்குக் கிழக்கிலோ வடகிழக்கிலோ இருந்தால் உங்கள் வாடை மானை எட்டாது.

ரம்ப வேலை

இதுதான் முக்கியப் பகுதி, பலர் தாவிப்போகும் பகுதியும் இதுவே. முதிர்ந்த காட்டுக்குள் நின்று பாருங்கள்: மேலே அடர்ந்த கூரை, கீழே வெறும் இலைக்குப்பை. மனிதக் கண்ணுக்கு அழகு. மானுக்கு அங்கே வாய்க்கு எட்டும் உயரத்தில் ஒன்றும் இல்லை, ஒளியவும் இடமில்லை. கூரையில் ஓர் ஓட்டை போட்டு வெயிலைத் தரைக்கு இறக்கினால் இரண்டே கோடையில் இடுப்பளவு புதர் எழும். ஒரே வேலையில் தீவனமும் மறைவும் கிடைத்துவிடும். விதைச் செலவும் இல்லை.

ஆஸ்பென் மரம் இதற்கென்றே அமைந்தது. அதைக் குளிர்காலத்தில், வேரில் சத்து தேங்கியிருக்கும்போது, ஒரு பகுதி முழுவதையும் மொத்தமாக வெட்டினால் கோடையில் வேர்களிலிருந்து ஏக்கருக்கு ஆயிரக்கணக்கில் கன்றுகள் கிளம்பும். அங்கொன்றும் இங்கொன்றுமாக வெட்டினால் நிழலில் அவை நிற்காது. சிவப்பு மேப்பிள் அடிமரத்தை வெட்டினாலும் கட்டையைச் சுற்றிக் கொத்தாகத் துளிர் விடும். மான்கள் அதைத் தேடி வந்து தின்னும். ஓக் மரங்களை விட்டுவையுங்கள். அவற்றின் முடியை நெருக்கும் பக்கத்து மரங்களை அகற்றினால் கொட்டை கூடும். வெள்ளை ஓக் கொட்டையில் துவர்ப்பு குறைவு, அதனால் முதலில் தீர்வது அதுதான். துவர்ப்பு மிகுந்த சிவப்பு ஓக் கொட்டை பிறகு கைகொடுக்கும். ஓக்கை வெட்டியே ஆக வேண்டும், கிளை கழிக்க வேண்டும் என்றால் ஏப்ரல் 15 முதல் ஜூலை 15 வரை மட்டும் தொடாதீர்கள். அந்தக் காலத்தில்தான் வெட்டுக்காயத்தின் வழியே ஓக் வாடல் நோய் பரவும். ஒரு மரத்துக்கு வந்தால் வேர்வழியே தோப்பே போய்விடும்.

சங்கிலி ரம்பத்தைக் கையில் எடுத்துப் பழக்கமில்லாதவர்கள் மரம் வெட்டுவதைக் காணொளி பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டாம். மரத்தைப் பாதி அறுத்து, உயிரோடு சாய்த்துவிடும் முறை ஒன்று மான் ஆர்வலர்களிடையே பரவலாக இருக்கிறது. மறைவுக்கு அது மிக நல்லதுதான், ஆனால் அறுக்கும்போது அடிமரம் நெடுக்காகப் பிளந்து ஆள் மீது தெறிக்கும் வாய்ப்புள்ள முறையும் அதுவே. தனியாகப் போய் இதைச் செய்யாதீர்கள். கவுண்டியின் நிலவளப் பாதுகாப்பு மாவட்ட அலுவலகத்தில் விசாரித்தால் வனவியல் அறிந்த ஒருவர் வந்து நிலத்தைப் பார்ப்பார். எதை வெட்டுவது, எதை விடுவது என்று சொல்வார். வசந்தத்தில் மலிவாக மரக்கன்று விற்பவர்களும் இவர்கள்தான். ஆப்பிள், ஓக் கன்று வாங்கினால் சுற்றி ஐந்தடிக் கம்பிவேலி போடாமல் நடாதீர்கள். மறுநாள் காலையில் குச்சிதான் நிற்கும்.

மண்ணும் சுண்ணாம்பும்

விலை உயர்ந்த விதையா, சுண்ணாம்பா என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சுண்ணாம்பு என்பேன். காட்டு மண் பெரும்பாலும் புளிப்பு. பிஹெச் (புளிப்பைக் காட்டும் எண்; குறையக் குறையப் புளிப்பு கூடும்) ஐந்தைச் சுற்றி இருக்கும் மண்ணில் குளோவர் என்ற பயறு வகைத் தீவனச் செடி முளைத்து, மஞ்சளாகி, அப்படியே நின்றுபோகும். நீங்கள் போடும் உரத்திலும் ஒரு பகுதி மண்ணிலேயே சிக்கிக்கொள்ளும், வேருக்குக் கிடைக்காது. குளோவருக்கு 6.2க்கு மேல் வேண்டும், 6.5 என்றால் இன்னும் நல்லது.

முதலில் மண் பரிசோதனை. திட்டின் பத்துப் பதினைந்து இடங்களில் மேல் குப்பையை விலக்கி, ஆறங்குல ஆழத்துக்கு மண் எடுங்கள். பிளாஸ்டிக் வாளியில் போட்டுக் கலந்து, கூழாங்கல், வேர் நீக்கி, நிழலில் உலர்த்தி, இரண்டு கப் அளவு அனுப்பினால் போதும். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் விரிவாக்கப் பிரிவு இதற்கான உறையை விற்கிறது. எத்தனை டன் சுண்ணாம்பு, எவ்வளவு உரம் என்று முடிவு வந்துவிடும்.

ஏக்கருக்கு இரண்டு டன் என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். கால் ஏக்கருக்கு அரை டன், அதாவது 1,000 பவுண்டு. உருண்டைச் சுண்ணாம்பு 40 பவுண்டுப் பையில் வருகிறது, 25 பை. காட்டுப் பாதையில் அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதே ஒரு நாள் வேலை என்பதால் திட்டைச் சிறிதாக வைக்கச் சொன்னதன் நியாயம் அப்போது முதுகுக்குப் புரியும். சுண்ணாம்பு மெதுவாகத்தான் வேலை செய்யும். மண்ணோடு கலந்தால்கூடப் பிஹெச் ஏற மாதக்கணக்காகும். அதனால்தான் விதைப்பைக்கு முன்னால் இதை வாங்க வேண்டும்.

முதல் ஆண்டின் பயிர்

கலப்பு விதைப் பையை விட்டுவிட்டுத் தனித்தனி விதையாக விவசாயிகளுக்கு விற்கும் கடையில் வாங்குங்கள். பையின் மேல் தைத்திருக்கும் சிறு சீட்டைப் படித்தாலே காரணம் தெரியும். பூச்சுப் பொருள் எத்தனை விழுக்காடு, முளைப்புத்திறன் எவ்வளவு, வேறு விதை எவ்வளவு என்று அதில் அச்சிட்டிருப்பார்கள். எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை வெறும் பூச்சாக இருக்கும் விதைகள் உண்டு. கொம்பு மானின் படத்துக்குக் கீழே மலிவான ரைகிராஸ் புல் ஒளிந்திருப்பதும் உண்டு. அதைக் கோதுமை போன்ற ரை தானியத்தோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அந்தப் புல் ஒருமுறை பிடித்துவிட்டால் குளோவரை நெருக்கிவிடும்.

25 சென்டுக்கு நான் சொல்லும் வரிசை இது. ஏப்ரல், மே மாதங்களில் குப்பையை வாரி, சுண்ணாம்பு போட்டு, மண்ணைக் கிளறுங்கள். டிராக்டர் தேவையில்லை, வாடகைக்குக் கிடைக்கும் கையுழவு இயந்திரமோ, நான்கு சக்கர வண்டிக்குப் பின்னால் கட்டி இழுக்கும் சிறு கொக்கிக் கலப்பையோ போதும். கல்லும் வேரும் மிகுந்த இடத்தில் இரும்பு வாரியாலேயே செய்யலாம். களை மண்டியிருந்தால் பலர் கிளைஃபோசேட் என்ற களைக்கொல்லியை அடித்து இரண்டு வாரம் விடுகிறார்கள். அடிப்பதானால் லேபிளில் உள்ள அளவையும் பாதுகாப்பையும் மீறாதீர்கள், நீர்நிலைப் பக்கம் போகாதீர்கள். மருந்தே வேண்டாம் என்பவர்களுக்கும் வழி உண்டு, அடுத்த பயிர் அதைப் பார்த்துக்கொள்ளும்.

அந்தப் பயிர் பக்வீட் என்ற அகன்ற இலைச் செடி. உறைபனி முழுதும் நின்றபின், மே கடைசியிலோ ஜூன் தொடக்கத்திலோ, 25 சென்டுக்கு 14 பவுண்டு தெளித்து, வாரியால் மூடுங்கள். நான்கைந்து நாளில் முளைத்து, மளமளவென்று வளர்ந்து, களையை நிழலால் அமுக்கிவிடும். ஐந்தாறு வாரத்தில் வெள்ளைப் பூ, தேனீ இரையும். மானும் கடிக்கும், கடித்தாலும் தாங்கும். விதை முற்றுவதற்கு முன் வெட்டி அங்கேயே போட்டால் பசுந்தாள் உரமாகும். வேறொன்றும் செய்ய வேண்டாம்.

ஆகஸ்ட் கடைசி வாரம் முதல் செப்டம்பர் முதல் வாரத்துக்குள் அடுத்த விதைப்பு. மழை வரும் என்று வானிலை அறிக்கை சொல்லும் நாளுக்கு முந்தைய நாளாகப் பாருங்கள். ரை தானியம் 12 முதல் 15 பவுண்டு, வெள்ளைக் குளோவர் 2 பவுண்டு. ரை புளிப்பு மண்ணையும் குளிரையும் தாங்கும். பனி விழும்வரை பச்சையாக நிற்கும். பனி உருகியதும் மீண்டும் முதலில் பச்சை காட்டுவதும் அதுதான். அதன் மறைவில் குளோவர் வேர்விட்டுக்கொள்ளும். முதலில் ரையைத் தெளித்து வாரியால் இழுத்து மூடுங்கள். பிறகுதான் குளோவர். கடுகைவிடச் சிறிய விதை அது. கால் அங்குலத்துக்குக் கீழே போனால் மேலே வராது. கையால் சுழற்றும் விதைப்பானை மிகக் குறைந்த திறப்பில் வைத்து, நெடுக்கே பாதி, குறுக்கே பாதி தெளியுங்கள். அதை மூடவே வேண்டாம், அழுத்தினால் போதும். உருளை இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் வண்டியின் டயரால் அங்குலம் விடாமல் ஏற்றி இறக்குங்கள், அல்லது ஒரு கனமான பலகையைக் கட்டி இழுத்துப் பரம்படியுங்கள். மண்ணில் உங்கள் காலடி அரை அங்குலத்துக்கு மேல் பதியக் கூடாது. பதிந்தால் இன்னும் அழுத்த வேண்டும்.

குளோவர் விதை வாங்கும்போது ரைசோபியம் கலந்ததா என்று பாருங்கள். அந்த நுண்ணுயிர் வேர்முடிச்சில் இருந்துதான் காற்றின் நைட்ரஜனைப் பயிருக்குத் தருகிறது. அதனால் குளோவருக்கு யூரியா வீண், களைக்குத்தான் விருந்தாகும். பாஸ்பரசும் பொட்டாசியமும் பரிசோதனை சொன்ன அளவில் போதும்.

டர்னிப், முள்ளங்கி, ரேப் போன்ற கடுகுக் குடும்பப் பயிர்களைப் பற்றி நிறையப் பேசுவார்கள். ஜூலை கடைசியில், ஏக்கருக்கு ஐந்து பவுண்டு வீதம் விதைத்தால் கடும் உறைபனிக்குப் பின் இலை இனிப்பேறி, மான் நவம்பரில் தேடி வரும். ஆனால் அவற்றைப் பார்த்திராத மான்கள் முதல் ஓரிரு ஆண்டு சீண்டாமலே விடுவதுண்டு. உரமும் நிறையக் கேட்கும். ஒரே இடத்தில் தொடர்ந்து போட்டால் வேர்நோய் வரும். புதியவர்கள் ஓர் ஓரத்தில் நான்கு சென்ட் போட்டுப் பார்த்தால் போதும். சோயாவும் மக்காச்சோளமும் இந்த அளவு நிலத்துக்கு ஒத்தே வராது. முளை இரண்டிலை விடும் முன்பே மான் தீர்த்துவிடும்.

கம்பிக்கூண்டு

விதைத்த அன்றே செய்ய வேண்டிய, செலவில்லாத ஒரு வேலை உண்டு. நான்கடி உயரக் கம்பிவலையில் பத்தடி வெட்டி, வட்டமாகச் சுருட்டி முனைகளைப் பிணைத்தால் மூன்றடி விட்டத்தில் ஒரு கூண்டு கிடைக்கும். அதைத் திட்டின் நடுவே வைத்து இரண்டு முளை அடியுங்கள். அக்டோபரில் வந்து பாருங்கள். கூண்டுக்குள் பயிர் முழங்கால் உயரம், வெளியே இரண்டு அங்குலம் என்றால் விதைப்பு நன்றாகவே வந்திருக்கிறது, தின்று தீர்த்திருக்கிறார்கள் என்று பொருள். உள்ளேயும் இரண்டு அங்குலம்தான் என்றால் மான் மேல் பழியில்லை. மண், வெயில், விதை மூன்றில் ஒன்றைத் தேடுங்கள். உள்ளும் புறமும் ஒரே போல ஓங்கி நின்றால் யாரும் வரவில்லை. அப்போது பாதையையும் காற்றையும் மறுபடி யோசிக்க வேண்டும். மரத்தில் கட்டும் கேமரா வந்து போன மானைத்தான் காட்டும். இந்தக் கூண்டு சொல்வது வேறு கணக்கு.

ஜூன் மாத வெட்டும் குட்டிகளும்

அடுத்த வசந்தத்தில் ரை விறுவிறுவென்று உயரும். கதிர் முற்றும் முன், இடுப்பளவில் இருக்கும்போது ஓரடி உயரம் விட்டு வெட்டினால் அடியில் இருக்கும் குளோவருக்கு வெயில் கிடைக்கும். சிக்கல் என்னவென்றால் மான் குட்டி போடுவதும் மே கடைசி, ஜூன் தொடக்கத்தில்தான். பிறந்த குட்டியைத் தாய் உயரப் புல்லில் படுக்க வைத்துவிட்டுத் தள்ளிப்போய் மேயும். குட்டி, இயந்திரம் பக்கத்தில் வந்தாலும் அசையாது; ஆபத்து வந்தால் உறைந்து கிடப்பதுதான் அந்த வயதில் அதற்குத் தெரிந்த தற்காப்பு. வெட்டுவதற்கு முன் கைவீச்சு இடைவெளியில் வரிசை வரிசையாக நடந்து பாருங்கள். ஜூன் நடுப்பகுதிக்கு மேல் தள்ளிப்போட முடிந்தால் இன்னும் நல்லது. தனியாகக் கிடக்கும் குட்டியைப் பார்த்துத் தாய் கைவிட்டது என்று வீட்டுக்குத் தூக்கி வருவது சட்டப்படியும் குற்றம், குட்டிக்கும் கேடு. அன்றைய வெட்டை நிறுத்திவிட்டுத் திரும்பிவிடுங்கள், தாய் வரும்.

இந்த மாதங்களில்தான் உண்ணியும் அதிகம். கருங்கால் உண்ணி லைம் நோயைப் பரப்பும். பேண்ட்டைக் காலுறைக்குள் செருகி, உடைக்குப் பெர்மெத்ரின் என்ற பூச்சிமருந்தைத் தெளித்துக்கொண்டு போங்கள். வீடு திரும்பியதும் முழங்கால் மடிப்பு, இடுப்பு, தலைமுடி ஓரம் என்று தேடுங்கள். குழந்தைகளைத் தவறாமல் பாருங்கள். உண்ணி நோயைப் பரப்பப் பொதுவாக 24 மணி நேரத்துக்கு மேல் ஒட்டியிருக்க வேண்டும் என்பதால் அன்றிரவே பிடுங்கி எறிவதில் பெரும் பயன் உண்டு.

வேட்டை என்ற பேச்சு

நம்மில் பலருக்கு மான் பார்க்கத்தான் ஆசை, சுட அல்ல. அது முழுக்க உங்கள் விருப்பம். ஆனால் தீவனமும் மறைவும் பெருகி, சுடுவோர் இல்லாத இடத்தில் மான் சேர்ந்துகொண்டே போகும். கொஞ்ச ஆண்டில் காட்டின் தரைத்தளம் போய்விடும்: மேப்பிள் கன்று எழாது, வசந்தத்தில் வெள்ளை விரிப்பாகப் பூக்கும் டிரில்லியம் காணாமல் போகும், மானுக்கே குளிர்காலத்தில் உணவில்லாமல் போகும். ஓநாய் இல்லாத இந்தக் காட்டில் எண்ணிக்கையைக் குறைக்கும் பெரிய சக்தி துப்பாக்கிதான் என்பதை நான் விரும்பி ஏற்கவில்லை; ஆனால் ஏற்கிறேன். நீங்கள் வேட்டையாடாவிட்டாலும், நம்பகமான பக்கத்து நிலத்துக்காரர் ஒருவருக்கு, பெண் மான்களை மட்டும் என்ற நிபந்தனையோடு எழுத்தில் அனுமதி தரலாம். துப்பாக்கிப் பருவம் நவம்பர் 15 தொடங்கி 30 வரை. அந்த நாட்களில் உங்கள் நிலத்திலேயே நடப்பதானாலும் ஆரஞ்சுச் சட்டை போடாமல் வீட்டுப் படியிறங்காதீர்கள். பிள்ளைகளுக்கும் ஒன்று வாங்கிவிடுங்கள்.

மூன்றாம் ஆண்டுக்குப் பிறகு

குளோவர் நன்றாகப் பிடித்தால் மூன்று முதல் ஐந்து ஆண்டு நிற்கும். கோடையில் இரண்டு முறை, களை பூக்கும் தருணம் பார்த்து எட்டங்குலம் விட்டு வெட்டுங்கள். வறட்சியில் வெட்டவே வேண்டாம், மணல் மண்ணில் வேர் காய்ந்துவிடும். இடையிடையே சொட்டை விழுந்த இடங்களுக்கு மார்ச் மாத விதைப்பு உண்டு. இரவில் உறைந்து பகலில் இளகும் நாட்களில் விடியற்காலையில் குளோவர் விதையை வெறும் மண்மேல் தூவிவிட்டால் போதும். மண் விரிந்து வெடித்துச் சுருங்கும்போது விதை தானாக உள்ளே இறங்கிவிடும்.

நான்காவது, ஐந்தாவது ஆண்டில் குளோவர் சேர்த்து வைத்த நைட்ரஜனைத் தேடிப் புல் நுழையும். பாதித் திட்டுக்கு மேல் புல்லாகிவிட்டால் மல்லுக்கட்ட வேண்டாம். அந்த ஜூலையில் கிளறிவிட்டு, தேங்கிய நைட்ரஜனை உண்ண டர்னிப்போ ரையோ போட்டு, மறுபடி மண் மாதிரி எடுத்து அனுப்புங்கள். மணல் மண்ணில் சுண்ணாம்பின் பலன் அதற்குள் கரைந்திருக்கும். இந்த முறை இன்னும் எத்தனை பை என்று முடிவு வந்த பிறகே குளோவர் விதைக்குப் பணம் எடுங்கள்.